மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதா, பேசாமலே இருந்துவிடுவதா?

கேள்வி: எனக்கு 57 வயது, மனைவிக்கு 52. எங்கள் மூத்த மகன் 24 வயதில் சாலை விபத்தில் இறந்துபோனான். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த மாதம் 2 வருடம் முடிகிறது. மனைவி எந்நேரமும் அவனைப் பற்றியே பேசுகிறாள். சைக்கிள் பழகும்போது விழுந்து முழங்கையில் தையல் போட்டது, பள்ளி நாடகத்தில் வசனம் மறந்து மேடையிலேயே சிரித்துவிட்டது என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவனுடைய போனை தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். காலை 6.10-க்கு அதில் அலாரம் அடிக்கிறது, நிறுத்த விடமாட்டாள். எனக்கு அவன் பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை. "உங்களுக்கு மறந்துபோச்சு" என்கிறாள். அவன் போன வண்டி நான் வாங்கிக் கொடுத்தது. வேலையை விடப்போகிறேன் என்றான், சத்தம் போட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. "பேசப் பேசத்தான் வலி, அவன் படத்தையெல்லாம் எடுத்து உள்ளே வையுங்கள்" என்கிறார்கள் உறவினர்கள். கல்லூரியில் படிக்கும் மகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நினைவு நாளுக்கு அவன் நண்பர்களைக் கூப்பிட வேண்டும் என்கிறாள் மனைவி. எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படி நினைத்துக்கொண்டே இருப்பது சரியா? யாராவது "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? நாங்கள் இதிலிருந்து வெளியே வரவே மாட்டோமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகரின் நீண்ட கடிதம், சுருக்கித் தரப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் மகனை "அவன்" என்றே எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்; "தங்கள் புதல்வர்" என்று எழுதினால் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவது போலாகிவிடும்.

முதலில், நீங்கள் நேராகக் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நினைத்துக்கொண்டே இருப்பதில் தப்பில்லை. படத்தை எடுத்து உள்ளே வைக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இப்போது நடப்பதைப் பார்த்தால் எனக்கு வேறு ஒரு கவலைதான் வருகிறது. நினைக்கும் வேலை முழுவதும் மனைவியின் தலையிலும், நினைக்காமல் இருக்கும் வேலை முழுவதும் உங்கள் தலையிலும் விழுந்துவிட்டது. இரண்டு பேருமே பாதிப் பாதியாகத் துக்கப்படுகிறீர்கள். அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

உறவினர்கள் சொன்ன யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் எங்கள் உளவியல் துறையே ஏறக்குறைய அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இறந்தவர் மேல் வைத்த பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று 1917-ல், உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் எழுதினார். மூன்றே வருடத்தில், 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோஃபி 26 வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அதற்கும் ஒன்பது வருடம் கழித்து, மகனை இழந்திருந்த லுட்விக் பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவ நண்பருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். எழுதிய நாள், சோஃபி இருந்திருந்தால் 36 வயது முடிந்திருக்கும் நாள். ஆரம்பத்தில் இருக்கும் கடுமை தணியும்; ஆனால் அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும்; அப்படித்தான் இருக்கவும் வேண்டும், விட்டுவிட மனமில்லாத அந்த அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்று அதில் சொல்கிறார். கோட்பாடு எழுதிய கைதான், தகப்பனாக எழுதும்போது வேறு மாதிரி எழுதியிருக்கிறது.

பிறகு ஆராய்ச்சியும் அந்தப் பக்கம் திரும்பியது. பிள்ளையை இழந்த பெற்றோரோடு பல வருடம் பழகி ஆராய்ந்தவர் டென்னிஸ் கிளாஸ். இறந்தவரோடு உள்ள உறவு அறுந்துபோவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது நோயுமல்ல என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் 1996-ல் எடுத்துக்காட்டினார்கள். துக்கத்துக்கு "ஐந்து கட்டங்கள்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். மறுப்பு, கோபம் என்று வரிசையாக வந்து கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கான கால அட்டவணை அல்ல அது. இரண்டு வருடமாகியும் கடைசிக் கட்டம் வரவில்லையே என்று நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சரி, உங்கள் இருவர் விஷயத்துக்கு வருகிறேன்.

மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்குட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய்வர வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் இழப்பையே நினைத்து அழுவது. இன்னொரு பக்கம் பில் கட்டுவது, வேலைக்குப் போவது, சிரிப்பு வந்தால் சிரிப்பது. இந்தப் போய்வரல் நடந்துகொண்டிருந்தால் போதும் என்கிறார்கள். உங்கள் வீட்டில் போய்வரல் நின்றுவிட்டது. மனைவி ஒரு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், நீங்கள் மறுபக்கத்தில். நீங்கள் பேசாமலிருக்கப் பேசாமலிருக்க, தானும் நிறுத்திவிட்டால் அவனைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் போய்விடும் என்று அவர் இன்னும் அதிகமாகப் பேசுகிறார். அவர் பேசப் பேச நீங்கள் எழுந்து போய்விடுகிறீர்கள். சைக்கிள் கதையையே ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கேட்டு "ஆமாம், அன்னைக்கு ரத்தத்தைப் பார்த்து நீதான் மயங்கி விழப் பார்த்தே" என்று பதில் சொல்ல ஆள் இல்லாததால்தான். அந்த ஆஸ்பத்திரி அறையில் அவரோடு இருந்தது நீங்கள் ஒருவர்தானே. வேறு யாரிடம் போய்ச் சொல்வார்?

அவருடைய துக்கம் உங்களுடையதைவிடப் பெரியது என்று நான் சொல்லவில்லை. சிலருக்குத் துக்கம் வாய் வழியாக வரும். சிலருக்குக் கை வழியாக, எதையாவது செய்வதில் வரும். ஆண், பெண் என்று இதைப் பிரித்துவிட முடியாது. வாயைத் திறக்காமல் வீட்டையே தலைகீழாகத் துடைத்துக்கொண்டிருக்கும் அம்மாக்களும் உண்டு. நீங்கள் இரண்டாவது வகை என்று தோன்றுகிறது. விபத்துக்குப் பிறகு காப்பீடு, அலுவலகப் பாக்கி, வங்கி, காவல் நிலையம் என்று எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒருவராகவே அலைந்ததை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அவனுடைய பெயரை அத்தனை விண்ணப்பத்திலும் உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாமும் துக்கம்தான். ஆனால் மனைவிக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது, அவன் பெயர் வந்ததும் நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டியதுதான்.

ஆகவே ஒரு வாக்கியம், ஒரே ஒரு முறை, அவரிடம் சொல்லுங்கள்: "எனக்கு மறக்கல. அவன் பேரைச் சொன்னா உடைஞ்சு போயிடுவேனோன்னு பயம்." இதை நேரில் சொல்ல வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். பக்கத்து அறையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை.

அப்புறம், பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்கும் முன் கால் மணி நேரம் போதும். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து போகக் கூடாது. நீங்கள் பேச வேண்டும் என்பதில்லை, கேட்டால் போதும். மற்ற நேரத்தில் தாங்க முடியாவிட்டால் "இப்போ முடியல, ராத்திரி சொல்லு" என்று சொல்லலாம். ஆனால் ராத்திரி நீங்களே "என்னமோ சொல்ல வந்தியே" என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் இந்த ஏற்பாடு இரண்டே நாளில் படுத்துவிடும். கையால் செய்யும் வேலை வேண்டுமென்றால், வீட்டில் சிதறிக் கிடக்கும் அவன் படங்களை வருட வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று பென்சிலில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் மனைவியிடம் கேளுங்கள். வரும், நிறைய வரும்.

பிள்ளை போன வீட்டில் கணவன் மனைவியும் பிரிந்துவிடுவார்கள், பத்தில் எட்டு பேர் அப்படித்தான் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. பிள்ளையை இழந்த பெற்றோருக்கான ஓர் அமைப்பு 1999-லும் 2006-லும் எடுத்த கணக்கெடுப்புகளில், பிள்ளை இறந்த பிறகு விவாகரத்து ஆனவர்கள் 12, 16 சதவீதம்தான். இதை யாரும் உங்களிடம் சொல்லிப் பயமுறுத்தியிருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த ஒரு விஷயம். நீங்களும் மனைவியும் அவனைப் பற்றிச் சொல்லும் நினைவுகள் எல்லாமே அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது ஆகும் முன் நடந்தவை. 24 வயது ஆள் ஒருவனை இழந்திருக்கிறீர்கள். கடிதம் முழுக்க ஒரு சிறுவன்தான் ஓடித் திரிகிறான்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்வரை அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. பதினெட்டுக்கு மேல் அவன் அறைக் கதவு சாத்தத் தொடங்குகிறது. "எங்கே போறே?" என்றால் "வெளியே". "யாரு போன்ல?" என்றால் "பிரெண்ட்". பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை, பிள்ளையும் இல்லாமல் முழுப் பெரியவனும் ஆகாமல் ஒரு தனிப் பருவம் இருக்கிறது என்று ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000-ல் எழுதினார். அந்தப் பருவத்தின் வேலையே வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று தான் யார் என்று பார்ப்பதுதான். வேலையை மாற்றுவதும் "இது எனக்குச் சரிவராது" என்று நடுவில் விடுவதும் அதில் சேர்ந்தவை. அப்பாவோடு முட்டிக்கொள்வதும்தான். வேலையை விடுவது பற்றி உங்களுக்குள் நடந்த சண்டை, எத்தனையோ வீடுகளில் அதே வாரம் நடந்திருக்கும். அந்த வீடுகளில் பையன் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு "அப்பா, அந்த பார்ம்ல எங்கே கையெழுத்து போடணும்?" என்று வந்து நின்றிருப்பான். முப்பது வயதில் அப்பாவின் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருந்ததாகக்கூடச் சொல்லியிருப்பான். சண்டை நடந்து, தணிந்து, சிநேகமாக மாறுவதற்கு வேண்டிய வருடங்கள் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்காகவும் நீங்கள் அழலாம். அந்த ஒரு சாயங்காலத்தை எடுத்து, 24 வருட உறவின் தீர்ப்பாக எழுதிக்கொள்ளாதீர்கள். அப்பாவிடம் சத்தம் போடலாம், நாளைக்கும் அப்பா இங்கேதான் இருப்பார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள்.

பதினெட்டுக்குப் பிறகான அந்த ஆறு வருடத்தில் உங்கள் மகன் எப்படி இருந்தான் என்று யாருக்குத் தெரியும்? அவன் நண்பர்களுக்கு. அதனால்தான் நினைவு நாளுக்கு அவர்களைக் கூப்பிடுவதில் நான் உங்கள் மனைவி பக்கம்.

அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு உங்களிடம் வந்து என்ன பேசுவது என்றே தெரிந்திருக்காது. தங்களைப் பார்த்தால் உங்களுக்கு அவன் ஞாபகம் வந்துவிடும் என்று பயந்திருப்பார்கள். அன்று அவனோடு வண்டியில் வருவதாக இருந்து கடைசி நேரத்தில் வராமல் போன ஒருவன் அதில் இருக்கலாம்; அவன் உங்களைவிட மோசமாகத் தூங்காமல் கிடக்கலாம். நீங்களே போன் செய்யுங்கள். "வாங்கப்பா, அவனைப் பத்திக் கொஞ்சம் பேசிட்டிருக்கலாம்னு அம்மா ஆசைப்படறாங்க. அழுகை வந்தா வரட்டும்" என்றால் போதும். பத்துப் பேர் கூடினால் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நெருங்கிய மூன்று நான்கு பேர் போதும்.

வந்ததும் "அவன் ரொம்ப நல்ல பையன் இல்லையா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஆமா அங்கிள்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அவனை என்ன பேர் வைத்துக் கூப்பிடுவீர்கள்? எதற்குக் கோபப்படுவான்? எங்களைப் பற்றி என்ன சொல்லுவான்? வேலையை விட்டுவிட்டு என்ன செய்வதாக இருந்தான்? கடைசிக் கேள்விக்கு அவனிடம் ஒரு பதில் இருந்திருக்கலாம். சண்டையில் அது உங்கள் காதுக்கு வராமல் போயிருக்கலாம். கேட்பது வலிக்கும். ஆனாலும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்குத் தெரியாத சில செய்திகள் வரக்கூடும். அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது, யாரிடமோ கடன் வாங்கியிருந்தான், சிகரெட் பிடித்தான், இப்படி ஏதாவது. கேட்டதும் "எங்களிடம் மறைத்தானே" என்று தோன்றும். 24 வயதில் அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னவர் யார்? நீங்கள் சொன்னீர்களா? அந்தப் பெண் யாரென்று தெரியவந்தால் துருவ வேண்டாம். அவளுக்கும் இது துக்கம்தான், அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத துக்கம். அவளே பேச வந்தால் இடம் கொடுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். அந்த நண்பர்கள் வளர்ந்துகொண்டே போவார்கள். கல்யாணப் பத்திரிகை வரும், குழந்தை பிறக்கும். அவர்கள் மேல் வரும் பொறாமையைப் பார்த்து உங்களுக்கே கூசும். எல்லாப் பெற்றோருக்கும் வருவதுதான் அது. எல்லா விசேஷத்துக்கும் போயாக வேண்டும் என்று இல்லை. வாழ்த்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடலாம்.

வண்டி விஷயம். "உங்கள் மேல் தப்பில்லை" என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள், அது உங்கள் மனதில் ஒட்டியிருக்காது. நான் வேறு மாதிரி கேட்கிறேன். வண்டி வாங்கிய அன்று உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? தூரத்தில் வேலை, ராத்திரி நேரம் கழித்துத் திரும்புகிறான், மற்ற பையன்களைப் போல அவனும் சிரமப்படாமல் போய்வரட்டும் என்று நினைத்தீர்கள். முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும். 1975-ல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைப் பரிசோதனையாகவே செய்து காட்டினார்: முடிவைச் சொல்லிவிட்டால், அது நடக்கும் என்று முன்பே எளிதாக ஊகித்திருக்கலாம் என்று மனிதர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இன்றைக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு அன்றைய அப்பாவை விசாரிக்கிறீர்கள். இதைப் படித்தவுடன் குற்ற உணர்ச்சி போய்விடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுத்தது முதல் சாவியைக் கொடுத்தது வரை நடந்தது எல்லாவற்றையும் ஒரு முறையாவது, குறுக்கே ஆறுதல் சொல்லாத ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். ஓர் ஆலோசகர் இதற்கு உதவுவார். மனைவியிடம் முதலில் சொல்ல வேண்டாம். அதே கேள்வி அவர் மனதிலும் இருந்தால் இருவருக்கும் தாங்காது.

போனைப் பற்றி. அலாரத்தை நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவன் எழுந்திருக்கும் நேரம் அது. அந்தச் சத்தம் மனைவிக்கு ஒன்றாகவும் உங்களுக்கு வேறொன்றாகவும் கேட்கிறது. ராத்திரியில் போனை வேறு அறையில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அவ்வளவு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் போனை உயிரோடு வைத்திருப்பதாலேயே அதில் இருப்பதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தால், உடனே கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஒருநாள் மனைவி அந்த எண்ணை அழைத்து, வேறு யாரோ எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். கூகுள் கணக்கு 2 வருடம் பயன்பாட்டில் இல்லையென்றால், அதிலுள்ள படங்கள், மின்னஞ்சல் எல்லாவற்றோடும் நீக்கப்படலாம் என்று அந்த நிறுவனம் 2023-ல் அறிவித்தது. உங்களுக்கு அந்தக் கெடு நெருங்குகிறது. மகளைக் கூட்டி உட்காரவைத்து, அவன் படங்கள், வீடியோக்கள், முக்கியமாக அவன் குரல் பதிவான வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். உங்கள் போனில், மனைவி போனில் அவன் அனுப்பியவையும் இருக்கும், அவற்றையும் சேர்த்து. படங்கள் மங்கினாலும் முகம் ஞாபகத்தில் இருக்கும். குரல்தான் முதலில் நழுவும் என்று பெற்றோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை நினைவுக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மாற்றிய பிறகு பாஸ்வேர்டு தெரிந்தாலும் யாரும் உள்ளே நுழைய முடியாது. எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள். அவனுடைய தனிப்பட்ட உரையாடல்களைப் படிக்கலாமா என்றால், எனக்கு அதில் சம்மதமில்லை. உயிரோடிருந்தால் படிக்க விட்டிருக்க மாட்டான்.

"எத்தனை பிள்ளைகள்?" என்ற கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் "ஒரு பொண்ணு, காலேஜ் படிக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம். அதனால் அவனை மறுத்துவிட்டதாக ஆகாது. திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிறவரிடம் "ரெண்டு பேர். பையன் தவறிட்டான்" என்று சொல்லலாம். சொன்னதும் அவர் திணறுவார். அவரைத் தேற்றும் பொறுப்பு உங்களுடையதல்ல. இருவரும் ஒன்றாக இருக்கும்போது யார் பதில் சொல்வது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால் சங்கடம் குறையும். நீங்கள் "ஒண்ணு" என்றும் அவர் "ரெண்டு" என்றும் ஒரே சமயத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? நீண்டகாலத் துக்கக் கோளாறு என்று இப்போது ஒரு நோய்நிலையை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அதற்கு 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் சேர்த்தபோது பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்தது. நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அந்த ஏக்கம் ஆளையே முடக்குகிறதா, தன்னிலேயே ஒரு பாகம் செத்துவிட்டதாகத் தோன்றுகிறதா, அன்றாட வேலைகள் நின்றுவிட்டனவா என்று பார்ப்பார்கள். போனுக்கு சார்ஜ் போடுவது நோய் அல்ல. மனைவி சமைக்கிறார், வேலைக்குப் போகிறார், மகள் பரீட்சைத் தேதியை ஞாபகம் வைத்திருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு, எட்டு கிலோ எடை குறைவு, மாத்திரையை விட்டுவிட்டேன் என்பதைக் கடிதத்தின் கடைசியில் பின்குறிப்பாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு உயிராபத்து கூடுகிறது என்று டென்மார்க்கில் மிகப் பெரிய அளவில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்த வாரமே போய்ப் பாருங்கள். பார்க்கும்போது தூக்கத்தையும் எடையையும் சொல்லுங்கள், மகன் இறந்ததையும் சொல்லுங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். உங்கள் இருவரில் யாருக்காவது "அவனிடமே போய்விடலாம்" என்ற எண்ணம் வந்தால், அன்றே, அந்த நேரமே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வகைத் துக்கத்துக்கென்றே கேத்தரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் வகுத்த 16 அமர்வுச் சிகிச்சை இருக்கிறது. பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவந்தது. பிள்ளையை இழந்த மற்ற பெற்றோரைச் சந்திப்பதும் உதவும். அவர்களிடம் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.

"வெளியே வரவே மாட்டோமா" என்று கேட்டீர்கள். முழுக்க வெளியே வந்தவர்களை நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது அவன் பேச்சு வந்து, சாப்பாடும் நிற்காமல் போகும் நாள் வருவதைப் பார்த்திருக்கிறேன். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக மகள். அவளைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவே எனக்குச் சிலதைச் சொல்கிறது. வீட்டில் அண்ணன் பேச்சு வந்தால் அம்மா அழுகிறார், அப்பா எழுந்து போகிறார். அவள் வாயைத் திறந்து என்ன செய்வாள்? அவளும் ஒருவனை இழந்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த அண்ணன் வேறு மாதிரி இருந்திருப்பான்: ஹெட்போனைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவன், அவளிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதவன், அவள் மாட்டிக்கொண்டபோது உங்களிடம் பொய் சொல்லிக் காப்பாற்றியவன். இப்போது வீட்டில் எல்லாரும் பேசுகிற அண்ணன் ஒரு குறையுமில்லாதவன். அவனோடு அவளால் போட்டி போட முடியாது, அவனைத் தன் அண்ணன் என்று அடையாளம் கண்டுகொள்ளவும் முடியாது. அவளிடம் "தைரியமா இரு, அம்மாவைப் பார்த்துக்கோ" என்று சொல்லாதீர்கள். "அவன் உன்கிட்ட எவ்வளவு கடன் வெச்சிருந்தான்?" என்று கேளுங்கள். சிரித்தாலும் சரி, அழுதாலும் சரி. நண்பர்களில் யாரைக் கூப்பிடலாம் என்பதையும் அவளிடமே கேளுங்கள். அவர்கள் எண்கள் அவளிடம்தான் இருக்கும்.

நினைவு நாளுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அன்று காலை யார் யார் வீட்டில், எத்தனை மணிக்கு நண்பர்கள், எப்போது எல்லாரும் கிளம்பிவிட வேண்டும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நடுவில் உங்களுக்குத் தாங்காவிட்டால் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரலாம். போகும்போது மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், எத்தனை நிமிடத்தில் திரும்புவீர்கள் என்பதையும் சேர்த்து. நினைவு நாளைவிட அதற்கு முந்தைய வாரம் மோசமாக இருக்கலாம். அந்த வாரத்தில் பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.